நுகத்தடி அவனுக்கு, கலப்பை இவனுக்கு

போன மாதம் நடந்த காதுகுத்து விருந்தில் என்னோடு ஒரே வரிசையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் இதைப் படிக்க வேண்டும். ஏழு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஏழு பேரும் மலைக்கு இந்தப் பக்கத்து ஊர்களில் சாணி மிதித்து வளர்ந்தவர்கள். என் பெரியப்பாவின் பேரன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டுப் பொம்பளைங்க ஒரு தபா ஏர் ஓட்டி புயலையே கூட்டியாந்துட்டாங்க" என்று சொன்னபோது ஏழு பேரும் சிரித்தீர்கள். ஒருவருக்குப் பாயசம் புரையேறியது.

எண்ணுவது என் வியாதி என்று மருமகள் சொல்கிறாள். படிக்கட்டு, மாத்திரை, பௌர்ணமியன்று எங்கள் வாசலில் கிரிவலக்காரர்கள் விட்டுப்போகிற தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எண்ணுகிறேன். அன்று சிரித்தவர்களை எண்ணினேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் காதில் போட்டதை அவன் மைக்கில் போட்டான். மாட்டுக் கழுத்தில் பூட்டுகிற நுகத்தடி எது, ஏரில் கைபிடிக்கிற மேழி எது என்று அவனுக்குத் தெரியாது. அவர்கள் ஏர் ஓட்டிய அந்த மானாவாரிக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்குத் தங்கும் பதினான்கு அறைகள் நிற்கின்றன. அவன் அதற்குச் சாவி கொடுக்கிறவன். ஆனால் உங்களுக்குத் தெரியும். கார்த்திகை மாசத்தில் மழை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் சிரித்தீர்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆடியில் தாத்தா இருந்தார். ஆடியிலேயே மல்லாட்டை விதைத்தோம். நிலக்கடலை என்று எழுதினால் எனக்கு அந்த வாசனை வருவதில்லை, மல்லாட்டை என்றே எழுதுகிறேன். ஆவணியில் தாத்தா போய்விட்டார். காரியம் முடிந்த ஈரம் காய்வதற்குள் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். என்ன சண்டை என்று இன்றுவரை எனக்கு ஒருவரும் உருப்படியாகச் சொல்லவில்லை. அப்பாவைக் கேட்டால், "உங்க பெரியப்பன் பேசின பேச்சு அப்படி" என்பார். என்ன பேச்சு என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவார்.

பிரித்துக் கொடுக்க ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். பாகம் பிரிப்பதில் அவருக்குப் பெரிய பெயர். அவர் பிரித்தால் இரண்டு பக்கமும் முணுமுணுக்காது என்பார்கள். வாசலில் வேப்ப மரத்தடியில் வீட்டுச் சாமான் முழுவதையும் கொண்டுவந்து பரப்பச் சொன்னார். குடம், அண்டா, மண்வெட்டி, முறம், உலக்கை. எங்கள் வீட்டில் அவ்வளவு சாமான் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளே இருந்தபோது வீடாக இருந்தது, வெளியே பரப்பியதும் சந்தைக் கடை போல ஆகிவிட்டது. குடம் ஆறு, மூன்று மூன்று. முறம் நான்கு, இரண்டு இரண்டு. ஒற்றையாக இருந்ததை இன்னொரு ஒற்றையோடு சேர்த்து, இது உனக்கு அது அவனுக்கு என்றார். அண்டா பெரியப்பாவுக்கு, உரல் அப்பாவுக்கு. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

பிறகு மாட்டுக் கொட்டகைக்கு வந்தார். இரண்டு காளைகள். ஒன்று சிவந்த செவலை, இன்னொன்று சாம்பல் நிற மயிலை.

"ரெண்டு மாடு, ரெண்டு பங்காளி. இதுல என்னா யோசன? பெரியவனுக்குச் செவலை, சின்னவனுக்கு மயிலை" என்றார் பெரியவர்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "ஜோடியப் பிரிச்சா ஏர் எப்படிங்க ஓடும்?"

பெரியவர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. பெரியப்பாவைப் பார்த்து, "இன்னாப்பா, உள்ளருந்து பஞ்சாயத்து நடக்குது?" என்றார். கூட்டம் சிரித்தது. பெரியப்பா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மிச்சம் இருந்தது ஒரு கலப்பை, ஒரு நுகத்தடி. நீங்கள் யாராவது நம்புவீர்களா? நான் பார்த்தேன். பெரியவர் இரண்டையும் கையில் தூக்கிக் கனம் பார்த்தார். "நுகத்தடி அவனுக்கு, கலப்பை இவனுக்கு. யாருக்கும் ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல" என்றார். நான்கைந்து பேர் தலையை ஆட்டி, நியாயமான மனுஷன் என்றார்கள். நுகத்தடி பெரியப்பா வீட்டுக்குப் போயிற்று, கலப்பை எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டும் சேராமல் எதுவும் ஓடாது என்பது அங்கே இருந்த அத்தனை விவசாயிக்கும் தெரியும். ஒருவர் வாயைத் திறக்கவில்லை. கணக்கு சரியாக வந்ததில் அவ்வளவு திருப்தி.

கொல்லையையும் கயிறு கட்டிப் பிரித்தார்கள். ஏர் கீறிய வரிசைக் கணக்கில் எழுபத்துமூன்று சால் மல்லாட்டை நின்றது. முப்பத்தாறு ஒருவருக்கு, முப்பத்தாறு இன்னொருவருக்கு. நடுவில் ஒரு சால் மிஞ்சியது. அது யாருக்கும் வேண்டாம் என்று அந்தச் சாலில் பூத்து நின்ற செடிகள் மேலேயே மண்ணை வெட்டிப் போட்டு வரப்பு எழுப்பினார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கு ஒரு முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். சந்தித்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பினார்கள்.

வீட்டு முற்றத்திலும் ஒரு மண் சுவர் எழுந்தது. அப்பாவின் தோள் உயரம். மயிலை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கட்டியிருந்தது. கழுத்தை நீட்டி, மூக்கைச் சுவர் மேல் வைத்துக்கொண்டு கத்தும். அந்தப் பக்கத்திலிருந்து செவலை பதில் கத்தும். தவிட்டுத் தண்ணி வைத்தால் மயிலை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "மாட்டுக்கு இருக்கிற புத்தி" என்று அம்மா ஆரம்பிப்பாள். அப்பா நிமிர்ந்து பார்த்தால் மீதியை முழுங்கிவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. அதன் பிறகு வெயில். எங்கள் செம்மண் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்து காய்ந்தால் செங்கல். மல்லாட்டை விளைந்துவிட்டது, இலை பழுத்து அடியில் கொட்டிக் கிடந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் செடி கையோடு வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரே வழி, ஏர் விட்டுக் கிளப்பி, பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு போவதுதான். தாமதமானால் காம்பு அழுகும். பெருமழை பிடித்தால் பருப்பு மண்ணிலேயே முளைவிட்டுப் போகும். இரண்டு வீட்டுக்கும் அந்த வருஷத்துச் சோற்றுக்கு அந்தக் கொல்லையை விட்டால் வேறு நாதி இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் செவலையும் நுகத்தடியும், இந்தப் பக்கம் மயிலையும் கலப்பையும். கையை நீட்டினால் எட்டும். இரண்டு பேரில் யார் முதலில் கேட்பது?

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அப்பா மேட்டுக் கொல்லைக்காரரைப் போய்ப் பார்த்தார். அவரிடமும் ஒற்றை மாடுதான் இருந்தது. அந்த மாடும் நுகத்தடியும் இரவல் வாங்கி வந்தார். எங்கள் மயிலை வலப் பக்கத்து மாடு. கன்றுக்குட்டியாக இருந்ததிலிருந்து வலப் பக்கத்திலேயே பூட்டிப் பழகியது. மேட்டுக் கொல்லைக்காரரின் மாடும் வலப் பக்கத்து மாடு. அப்பாவுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அண்ணனிடம் போய் நிற்பதைவிட மாட்டின் குணத்தை மாற்றிவிடுவது சுலபம் என்று நினைத்தார்.

இடப் பக்கம் பூட்டப்பட்ட இரவல் மாடு, வலப் பக்கம் போகத்தான் முட்டியது. மயிலை இடம் விடவில்லை. இரண்டும் சேர்ந்து ஏரை வட்டமாக இழுத்துக்கொண்டு போயின. அப்பா அதட்டினார், வாலை முறுக்கினார், கெட்ட வார்த்தை சொன்னார். கொல்லையில் ஒரு பெரிய வட்டம் விழுந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா மாமா, ஏர் ஓட்றீங்களா, கிரிவலம் சுத்தறீங்களா?" என்று கேட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தன் செடிகளைப் பார்க்கிற மாதிரி குனிந்து நின்றார். அவர் முதுகு குலுங்கியது. அந்தச் சிரிப்பு அப்பாவின் காதில் விழுந்தது. அதோடு முடிந்தது. ஏரை அவிழ்த்துவிட்டு, "மழை வரட்டும். நாலு தூத்தல் போட்டா மண்ணு இளகிடும், கையாலயே புடுங்கிக்கலாம்" என்றார்.

மண் இளக மழை வரட்டும் என்று பெரியப்பாவும் அவர் வீட்டில் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வார்த்தை. அந்த ஒற்றுமைக்கு என்ன குறைச்சல்.

கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் டீக்கடை ரேடியோவில் புயல் பற்றிச் சொன்னார்கள். இதைக் கவனித்துப் படியுங்கள். அப்பாவே கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். "கடல்ல புயல் சின்னமாம். மழை நிச்சயம்." முகத்தில் சந்தோஷம். அம்மா அரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "புயல் மழைன்னா நாலு தூத்தலோட நிக்குமா? மொத்தமும் மண்ணோட போயிடுமே. ஒரு வார்த்த உங்க அண்ணனக் கேளுங்களேன்."

"நீ வேலையப் பாரு."

மறுநாள் விடியும் முன்பே பரணி தீபம் பார்க்க அப்பா டவுனுக்குக் கிளம்பினார். பெரியப்பாவும் கிளம்பினார். ஒரே பாதை, முன்னும் பின்னுமாக, நடுவில் ஒரு வண்டி போகிற இடைவெளி விட்டு. இருவரும் மாட்டுச் சந்தையைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மலைமேல் தீபம் பார்த்துவிட்டு, கிரிவலம் முடித்து அடுத்த நாள் காலைதான் வருவார்கள். வருஷா வருஷம் அப்படித்தான்.

வீட்டில் விரதம். அம்மா அகல் விளக்குகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கே மேகம் சாம்பல் நிறத்தில் திரண்டிருந்தது. சுவருக்கு மேல் பெரியம்மாவின் தலை தெரிந்தது. சுவர் எழுந்த பிறகு அந்தத் தலை அங்கே தெரிந்தது அதுதான் முதல் முறை.

"ஏம்மா" என்றாள் பெரியம்மா. "வானத்தப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"நுகத்தடி எங்கூட்டுல சும்மா கெடக்குது."

அம்மா கழுவிய அகலைத் திரும்பவும் கழுவினாள். "கலப்பையும் சும்மாதான் கெடக்குது. ஆனா பொம்பள மேழி புடிச்சா..."

"புடிச்சா இன்னா?"

உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்தில் பெண்கள் ஏரைத் தொடமாட்டார்கள். மழையே இல்லாத வருஷத்தில் மட்டும், காய்ந்த ஏரிக்குள் பெண்கள் ஏர் பிடித்து ஓட்டுவார்கள். பெண் மேழி பிடித்தால் வானம் பொறுக்காமல் கொட்டும் என்பது நம்பிக்கை. மற்ற நாளில் தொட்டால் வெள்ளம்தான் என்பார்கள்.

அம்மா இதைத்தான் சொன்னாள். பெரியம்மா கிழக்கே கையைக் காட்டினாள். "அது நாம தொட்டா வந்துச்சு? தானா வருது. வர்றதுக்குள்ள ஆனத கெளப்பலாம். புள்ளைங்களுக்கு நாளைக்கு இன்னா போடுவ, மண்ணையா?"

அம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

செவலையை வாசல் வழியாக ஓட்டிவந்தார்கள். மயிலை அதைப் பார்த்ததும் செய்ததை நான் எப்படி எழுதுவது. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து, வலப் பக்கமாகப் போய் நின்றது. நுகத்தடிக்குத் தானாகக் கழுத்தைக் கொடுத்தது. அன்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் அந்த அளவு விவரம் இல்லை.

பெரியம்மா மேழி பிடித்தாள். முதல் சாலில் கலப்பையின் கொழுமுனை மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதில் ஆழம் பிடித்தது. மண் பிளந்து, வெள்ளை வெள்ளையாகக் காய் வெளியே வந்தது. அந்தப் பச்சை மல்லாட்டையும் மண்ணும் சேர்ந்த வாசனையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மாடுகளுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மா பின்னால் பொறுக்கிக் குவித்துக்கொண்டு வந்தாள். சால் முனையில் திரும்பி நடந்து புது வரப்பு வந்தபோது நான் மாடுகளைத் திருப்பப் பார்த்தேன். அவை திரும்பவில்லை. வரப்பு எழுப்புவதற்கு முன்னால் பழகிய கொல்லை. நேராக அதை உடைத்துக்கொண்டு பெரியப்பா பக்கத்துக்குப் போய்விட்டன. பெரியம்மா நிறுத்தச் சொல்லவில்லை. இந்த ஓரத்தில் ஒரு சால், அந்த ஓரத்தில் ஒரு சால் என்று இரண்டு பக்கமும் மாறி மாறி ஓட்டினாள்.

கொல்லையை ஒட்டிய கிரிவலப் பாதையில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. சிலர் நின்று பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வேலி ஓரம் வந்து, "ஏம்மா, வூட்ல ஆம்பளைங்க இல்லியா?" என்றார்.

"ரெண்டு பேர் இருக்காங்க சாமி. அதான் கஷ்டம்" என்றாள் பெரியம்மா, மாட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். எதற்கு என்று தெரியவில்லை.

நாற்பத்தொரு சால் ஓட்டி முடித்தபோது தூறல் விழுந்தது. மலையுச்சியை மேகம் மூடியிருந்தது. தீபம் ஏற்றியதை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. பாதையில் அரோகரா என்று எழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. இரண்டு பெண்களும் சேற்றுக் கையைக் குவித்து மேகத்தைக் கும்பிட்டார்கள். பிறகு கூடை கூடையாகச் சுமந்தோம். ஒரு கூடை இந்த வீட்டுக்கு, ஒரு கூடை அந்த வீட்டுக்கு என்றுகூட இல்லை. எந்த வாசல் கிட்டத்தில் இருந்ததோ அதில் கொட்டினார்கள். என்னால் எண்ண முடியவில்லை. அவர்கள் எண்ணவும் இல்லை. மழை அடித்து ஊற்ற ஆரம்பித்தபோது இரண்டு வீட்டுத் தரையிலும் மல்லாட்டை பரப்பிக் கிடந்தது.

விடிந்ததும் அப்பாவும் பெரியப்பாவும் தொப்பலாக நனைந்து வந்தார்கள். வரும் வழியிலேயே கொல்லையைப் பார்த்துவிட்டார்கள். உடைந்த வரப்பைப் பார்த்தார்கள். வேலி ஓரத்தில் நின்ற யாரோ சந்தையில் போய் அதற்கு முன்பே சொல்லியும் இருந்தார்கள். நான் என்ன எதிர்பார்த்தேன் தெரியுமா? பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்பது வயது.

பெரியப்பா சுவர் ஓரம் வந்து நின்றார். பிரிந்த நாளிலிருந்து பேசாத வாயைத் திறந்தார்.

"தம்பி. பாத்தியாடா இவளுங்க பண்ண வேலைய?"

"பாத்தேண்ணா" என்றார் அப்பா.

"மேழியத் தொட்டிருக்காளுங்க. அதான் இந்தப் பேய்மழ."

"ஆமாண்ணா. மானம் போச்சு."

அண்ணா என்றார். தம்பி என்றார். ஒற்றை மாட்டைக் கேட்க வராத வார்த்தைகள் இரண்டும் சரளமாக வந்தன. அம்மா மெதுவாக, "ரேடியோல முந்தாநாளே..." என்றாள். அப்பா சுவரில் சாய்த்திருந்த, மாடு ஓட்டும் தார்க்குச்சியை எடுத்தார். நான் இடையில் போய் நின்றேன். என்னைத் தள்ளிவிட்டார். அந்தப் பக்கம் பெரியம்மாவின் குரல் ஒரு தடவை கேட்டது, பிறகு கேட்கவில்லை. மேலே எழுத விருப்பமில்லை.

மழை விடவில்லை. கிளப்பாத முப்பத்தொரு சாலும் மண்ணிலேயே அழுகிப் போயிற்று. பாகம் பிரித்த அதே பெரியவர் குடையோடு வந்து திரும்பவும் நியாயம் சொன்னார். பெண் பூட்டிய மாடு ஆகாது, விற்றுவிட வேண்டும். பெண் தொட்ட ஏர் ஆகாது. இந்த இரண்டு பெண்களும் இனிமேல் சேர்ந்து கொல்லைக்குப் போகக் கூடாது. சந்தை கலைவதற்குள் அண்ணனும் தம்பியும் மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றாகப் போனார்கள், ஒரே குடையில். செவலையும் மயிலையும் ஜோடியாகத்தான் விற்றன. ஜோடியாக வாங்கினால்தான் உழ முடியும் என்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. தை மாதத்தில் அண்ணனும் தம்பியும் பொதுவில் வேறு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார்கள். சுவரில் ஆள் போய்வர ஒரு வழி திறந்தார்கள். அந்த வழியாக அவர்கள் போய்வந்தார்கள். அம்மா காலையில் கொல்லைக்குப் போவாள், பெரியம்மா மத்தியானம் போவாள். இரண்டு பேரும் சாகும்வரை அப்படித்தான்.

அடுத்த ஆடிவரை இரண்டு வீட்டிலும் தின்றது அந்த நாற்பத்தொரு சாலைத்தான். இதைக் காதுகுத்தில் மைக்கில் சொல்ல ஆள் இல்லை.

மாடு விற்றுவிட்டு வந்த அன்று மழை சற்று விட்டிருந்தது. அப்பா கலப்பையை வாசலில் போட்டுக் கோடாலியால் பிளந்தார். தாத்தா செய்து வைத்த கருவேலங் கலப்பை, சுலபத்தில் பிளக்கவில்லை. மேழியைத் தனியாக வெட்டி எறிந்தார். நுகத்தடியையும் கேட்டு வாங்கி இரண்டாகப் போட்டார். கை கழுவிவிட்டு வந்து, பசிக்குது என்றார்.

வீட்டில் காய்ந்த விறகு ஒரு குச்சி இல்லை. அம்மா வாசலில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அடுப்பில் முதலில் மேழியை வைத்தாள். எத்தனையோ வருஷம் கையெண்ணெய் ஊறிய மரம்; நன்றாக எரிந்தது. அதன் மேல் சட்டியை ஏற்றி, தரையில் பரப்பியிருந்த மல்லாட்டையை அள்ளிப் போட்டு வேகவைத்தாள். வீங்கியிருந்த வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கிளறினாள். வெந்ததும் வடித்து அப்பாவுக்கு முன்னால் வைத்தாள்.

அப்பா உரித்து உரித்துத் தின்றார். அவர் பக்கத்தில் தோல் குவிந்துகொண்டே போனது. நான் எதிரில் உட்கார்ந்து அந்தத் தோலை எண்ணிக்கொண்டிருந்தேன். பாதிச் சட்டி காலியான பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"உப்பு கம்மி" என்றார்.